காலி இடமெல்லாம் சேமிப்பிடம் ஆகுமா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு ஒரு பழைய விளையாட்டுப் பெட்டியைப் பற்றியது. "இது பிள்ளைகள் சமாச்சாரம், நமக்கென்ன வந்தது?" என்று பெரியவர்கள் சிலர் நினைக்கலாம். ஆனால் நான் சொல்லப்போகும் கதையில் நஷ்டப்பட்டவர்கள் பிள்ளைகள் அல்லர். என் அக்காவும் அத்தானும்தான். ஆகவே கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

அக்காவின் திருமணம் 1989ஆம் ஆண்டில் நடந்தது. அந்தக் காலத்தில் எல்லாரும் செய்ததுபோல வீடியோ நாடாவில் படம் எடுத்தார்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் அந்த நாடாக்கள் என்ன பாடுபடும் என்பது உங்களுக்குத் தெரியும். பூஞ்சணம் பிடித்து, படம் கோடு கோடாக ஓடத் தொடங்கியது. 2005ஆம் ஆண்டில் ஒரு கடையில் கொடுத்து மூன்று குறுந்தட்டுகளாக மாற்றி வாங்கினோம். முதல் தட்டில் மாப்பிள்ளை அழைப்பு, இரண்டாவதில் தாலி கட்டு, மூன்றாவதில் பந்தி. மாற்றிய பிறகு நாடா எதற்கு என்று அதைத் தூக்கிப் போட்டாயிற்று. குறுந்தட்டுகளும் வீடு வீடாகப் போய்வந்து கீறல் விழ ஆரம்பித்தன.

அப்போது உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த அக்கா மகன், "கவலைப்படாதீங்க மாமா, என்னோட எக்ஸ்பாக்ஸ்ல ஏத்தி வச்சிடுறேன், நேரா டிவியிலேயே பாத்துக்கலாம்" என்றான். 2006 மார்ச் விடுமுறையில் ஏற்றியும் வைத்தான். தீபாவளிக்கு வந்த உறவினர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினோம். ஒரு குறையும் இல்லை. டிசம்பர் விடுமுறைக்கு ஜோகூர் பாருவிலிருந்து அத்தானின் தம்பி பிள்ளைகள் வந்தார்கள். வரும்போது இரண்டு புது விளையாட்டுத் தட்டுகளும் கொண்டுவந்தார்கள். பிள்ளைகள் பத்து நாள் ஆசை தீர விளையாடினார்கள்.

பொங்கலன்று படத்தைப் போட்டோம். மாப்பிள்ளை அழைப்பு இல்லை. தாலி கட்டு இல்லை. பந்திச் சாப்பாடு மட்டும் இருந்தது.

யாரும் எதையும் அழிக்கவில்லை. பெட்டியும் பழுதாகவில்லை. பிறகு எப்படிப் போயிற்று? அதைத்தான் இன்று விளக்கப்போகிறேன். இத்தனை ஆண்டு கழித்து இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. அந்தப் பெட்டிகள் இன்னும் பல வீடுகளில் பொருள் வைக்கும் அறையில் கிடக்கின்றன. இன்று நாற்பதை நெருங்கும் அன்றைய மாணவர்கள் அவற்றைத் தூசி தட்டி எடுத்துப் பழைய விளையாட்டுகளை மறுபடியும் போட்டுப் பார்க்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் விளையாடத் தொடங்கினால், எங்கள் வீட்டில் நடந்தது அங்கேயும் நடக்கலாம்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

எக்ஸ்பாக்ஸ் பெட்டியை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2001 நவம்பரில் அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதை ஒப்பந்தத்தின்பேரில் தயாரித்துக் கொடுத்த பிளெக்ஸ்ட்ரானிக்ஸ், சிங்கப்பூரில் பதிவு பெற்ற நிறுவனம் என்பது நமக்கு ஒரு கூடுதல் செய்தி. பார்ப்பதற்கு விளையாட்டுச் சாதனமாக இருந்தாலும், மூடியைத் திறந்தால் ஒரு கணினிதான். 733 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள இன்டெல் செயலி, 64 மெகாபைட் நினைவகம், டிவிடி இயக்கி, இவற்றோடு ஒரு வன்தட்டு. சோனியின் பிளேஸ்டேஷன் 2, நிண்டெண்டோவின் கேம்கியூப் ஆகிய போட்டிப் பெட்டிகள் கடையிலிருந்து வரும்போது வன்தட்டு இல்லாமல்தான் வந்தன.

அந்த வன்தட்டில் பயன்பட்டது 8 ஜிகாபைட். சில பெட்டிகளில் 10 ஜிகாபைட் தட்டு இருந்தாலும் கூடுதல் இடம் சும்மா கிடந்தது. இந்த 8 ஜிகாபைட்டையும் ஒரே அறையாக விடாமல் ஐந்து பிரிவுகளாகத் தடுத்திருந்தார்கள். வீட்டை அறை அறையாகப் பிரிப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சி என்ற பிரிவு 500 மெகாபைட். பெட்டியைத் திறந்ததும் தோன்றும் பச்சை நிற முகப்பும் அதற்கு வேண்டிய கோப்புகளும் அங்கே இருக்கும். ஈ என்ற பிரிவு ஏறக்குறைய 4.8 ஜிகாபைட். விளையாட்டில் எந்தக் கட்டம்வரை வந்தோம் என்ற பதிவும், இசைத் தட்டிலிருந்து நாம் ஏற்றிக்கொள்ளும் பாடல்களும் அங்கே சேரும். மிச்சம் மூன்று பிரிவுகள்: எக்ஸ், ஒய், இசட். ஒவ்வொன்றும் 750 மெகாபைட். மூன்றையும் கூட்டினால் 2,250 மெகாபைட். மொத்த இடத்தில் கால் பங்குக்கும் மேல். இந்த மூன்றுக்கும் கணினித் துறையில் கேஷ் பிரிவு என்று பெயர்.

கேஷ் என்றால் பணம் அல்ல

கேஷ் என்றதும் கடையில் கொடுக்கும் ரொக்கம் நினைவுக்கு வரும். இது வேறு. அடிக்கடி தேவைப்படும் பொருளை, தொலைவிலிருந்து ஒவ்வொரு முறையும் எடுத்துவராமல், கைக்கு எட்டும் இடத்தில் தற்காலிகமாக ஒரு பிரதி வைத்துக்கொள்வதே கேஷ்.

அது எக்ஸ்பாக்ஸுக்கு ஏன் தேவைப்பட்டது? விளையாட்டுகள் டிவிடி தட்டில் வரும். தட்டு சுழன்று, படிக்கும் முனை நகர்ந்து, வேண்டிய இடத்தைத் தேடிப் பிடிப்பதற்கு நேரம் ஆகும். அதே வேலையை வன்தட்டு பல மடங்கு விரைவாகச் செய்யும். ஆகவே விளையாட்டு தொடங்கும்போது வேண்டிய பகுதியை டிவிடியிலிருந்து எடுத்து வன்தட்டில் போட்டுக்கொள்ளும். 2001இல் வெளிவந்த 'ஹேலோ' என்ற புகழ்பெற்ற விளையாட்டு இப்படித்தான் தன் களங்களை வன்தட்டில் விரித்து வைத்துக்கொண்டது. முதல் முறை காத்திருப்போம். அடுத்த முறை சட்டென்று திறக்கும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேஷ் பிரிவில் இருப்பது பிரதிதான். மூலம் டிவிடியில் பத்திரமாக இருக்கிறது. ஆகவே அந்தப் பிரதி எப்போது அழிந்தாலும் யாருக்கும் நஷ்டம் இல்லை, மறுபடியும் எடுத்துக்கொள்ளலாம். அழிந்தாலும் பரவாயில்லை என்ற அந்த எண்ணத்தின் மேல்தான் இந்த மூன்று பிரிவுகளும் கட்டப்பட்டிருக்கின்றன.

மூன்று மேசை, ஒரு பதிவேடு

நம் உணவங்காடி நிலையத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே மூன்று மேசைகள் மட்டும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வருகிறவர் யாராக இருந்தாலும் ஒரு மேசையில் அமரலாம். நான்காவது ஆள் வந்தால்? முன்பே வந்து சாப்பிட்டுப் போனவரின் மேசையை மேசை துடைப்பவர் துடைத்துவிட்டு, அதில் புதியவரை உட்கார வைப்பார். மேசையில் மிச்சம் இருந்த எதற்கும் அவர் பொறுப்பல்ல.

எக்ஸ்பாக்ஸும் இதையே செய்கிறது. வன்தட்டின் தொடக்கத்தில், எந்தப் பிரிவிலும் சேராத 512 கிலோபைட் இடம் ஒன்று உண்டு. அதில் ஒரு சிறு பதிவேடு இருக்கிறது. எக்ஸ், ஒய், இசட் ஆகிய மூன்றில் எதை எந்த விளையாட்டு கடைசியாகப் பயன்படுத்தியது என்று அதில் குறித்திருக்கும். ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. பெயருக்குப் பதில் அந்த எண்ணை எழுதி வைக்கும்.

ஒரு விளையாட்டு தொடங்கி, "எனக்குத் தற்காலிக இடம் வேண்டும்" என்று கேட்டால், பெட்டி பதிவேட்டைப் பார்க்கும். அந்த விளையாட்டின் எண் ஏற்கெனவே இருந்தால் அதே பிரிவைக் கொடுத்துவிடும். இல்லையென்றால், மூன்றில் நெடுநாள் பயன்படாமல் கிடக்கும் பிரிவைத் தேர்ந்தெடுக்கும். அதை வெறுமையாக்கும். புது எண்ணை எழுதிக்கொள்ளும். பிறகு அந்தப் பிரிவை விளையாட்டிடம் ஒப்படைக்கும். "இதில் வேறு கோப்பு இருக்கிறதே, அழிக்கட்டுமா?" என்று திரையில் கேட்காது. கேட்க வேண்டிய காரணமும் இல்லை. அங்கே மனிதர்கள் எதையும் வைப்பார்கள் என்று அதை உருவாக்கியவர்கள் நினைக்கவே இல்லை.

உண்மையில், கடையில் வாங்கிய நிலையில் இருக்கும் பெட்டியில் எக்ஸ், ஒய், இசட் என்ற மூன்று பிரிவுகள் இருப்பதே பயனீட்டாளருக்குத் தெரியாது. திரையில் காட்டுவது எத்தனை கட்டம் இடம் மிச்சம் இருக்கிறது என்ற கணக்கு மட்டுமே.

பூட்டு திறந்தது, கதவுகள் தெரிந்தன

மைக்ரோசாஃப்டின் கையொப்பம் பெற்ற மென்பொருள் மட்டுமே அந்தப் பெட்டியில் ஓடும்படி பூட்டு வைத்திருந்தார்கள். 2002ஆம் ஆண்டில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ ஹுவாங், பெட்டிக்குள் சில்லுகளுக்கு இடையே ஓடும் மின்குறிகளைப் படித்து அந்தப் பூட்டின் இரகசியத்தைக் கண்டறிந்தார். 2003இல் அதைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். அதன்பின் சில்லு பொருத்தியும், விளையாட்டுப் பதிவுக் கோப்பில் உள்ள ஓட்டைகளைப் பயன்படுத்தியும் பெட்டியை மாற்றியமைக்கும் வழக்கம் உலகெங்கும் பரவியது. பேச்சு வழக்கில் 'மோட்' செய்வது என்பார்கள்.

மோட் செய்த பெட்டி வெறும் விளையாட்டுக் கருவியாக நிற்கவில்லை. அதில் படம் பார்க்கலாம், பாட்டுக் கேட்கலாம். எக்ஸ்பிஎம்சி என்ற படம் காட்டும் மென்பொருளின் முதல் முழுப் பதிப்பு 2004இல் வெளிவந்தது. அது வளர்ந்து 2014இல் கோடி என்று பெயர் மாறி, இன்றும் பல வீட்டுத் தொலைக்காட்சிகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. கம்பிவழிக் கணினியோடு இணைத்துக் கோப்புகளை அனுப்பும் எஃப்டிபி வசதியும் வந்தது.

அந்த எஃப்டிபி வழியாகப் பெட்டியைத் திறந்தால் சி, ஈ மட்டுமல்ல, எக்ஸ், ஒய், இசட் என்ற மூன்று கோப்புறைகளும் வரிசையாகத் தெரியும். எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். "இது தற்காலிக இடம்" என்று எதன் மேலும் எழுதியிருக்காது.

அக்கா மகன் கண்டது இதைத்தான். ஈ பிரிவில் விளையாட்டுகளும் பாடல்களும் நிரம்பி வழிந்தன. பக்கத்திலேயே 750 மெகாபைட் அளவில் மூன்று அறைகள் காலியாக இருந்தன. கையில் இருந்ததோ மூன்று குறுந்தட்டுகள். ஒவ்வொன்றிலும் ஏறக்குறைய 700 மெகாபைட் கோப்பு. அளவெடுத்துத் தைத்த சட்டைபோல ஒவ்வோர் அறையிலும் ஒரு பாகம் பொருந்தியது. அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவன் இடத்தில் நான் இருந்தாலும் அதையே செய்திருப்பேன்.

ஒன்பது மாதம் ஏன் அழியவில்லை?

எல்லா விளையாட்டுகளும் தற்காலிக இடம் கேட்பதில்லை. அவன் வழக்கமாக விளையாடியவை அப்படிக் கேட்காதவை. அதனால் மார்ச் முதல் டிசம்பர்வரை அந்த மூன்று பிரிவுகளையும் யாரும் தொடவில்லை. படமும் இருந்தது. "பார்த்தீங்களா மாமா, எவ்வளவு பத்திரமா இருக்கு" என்று அவன் சொன்னபோது நானும் நம்பினேன்.

ஜோகூரிலிருந்து வந்த இரண்டு விளையாட்டுகளும் இடம் கேட்டன. முதல் விளையாட்டு தொடங்கியதும் பெட்டி பதிவேட்டைப் பார்த்தது. அவன் கையால் வைத்த படத்துக்கு அந்தப் பதிவேட்டில் எண் கிடையாது. அது விளையாட்டு அல்லவே! ஆகவே பெட்டியின் கணக்கில் அங்கே யாரும் இல்லை. பழைய பிரிவு ஒன்றைத் துடைத்துக் கொடுத்தது. ஒரு பாகம் போயிற்று. இரண்டாவது விளையாட்டு வந்தது. அடுத்த பாகமும் போயிற்று. மூன்றாவது தட்டு ஒன்றும் கொண்டுவந்திருந்தால் பந்தியும் மிஞ்சியிருக்காது.

நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது இந்த இடத்தைத்தான். வைத்த மறுநாளே அழிந்திருந்தால் அவன் உஷாராகியிருப்பான். குறுந்தட்டுகள் அப்போது ஓடும் நிலையில் இருந்தன. மறுபடியும் வேறு இடத்தில் ஏற்றியிருக்கலாம். ஒன்பது மாதம் பத்திரமாக இருந்ததால்தான் எல்லாருக்கும் நம்பிக்கை வந்தது. அந்த நம்பிக்கையில் குறுந்தட்டுகளைப் பேணாமல் விட்டோம்.

இன்னோர் ஆபத்தும் உண்டு. மோட் செய்த பெட்டி தடுமாறினால், பழுது பார்ப்பவர்கள் முதலில் செய்யும் காரியம் எக்ஸ், ஒய், இசட் மூன்றையும் வெறுமையாக்குவதுதான். அதற்கென்றே மென்பொருள்களில் ஒரு கட்டளை இருக்கும். அங்கே முக்கியமான எதுவும் இருக்காது என்பது தொழில் தெரிந்தவர்களின் எண்ணம். ஆகவே அவர்களும் உங்களைக் கேட்க மாட்டார்கள்.

போனதை மீட்க முடியுமா?

சில நேரம் முடியும். பிரிவை வெறுமையாக்குவது என்றால் அதில் உள்ள ஒவ்வொரு பைட்டையும் துடைத்துவிடுவது அல்ல. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று காட்டும் அட்டவணையைப் புதிதாக எழுதுவதுதான். புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழித்துவிட்டதுபோல. பக்கங்கள் இன்னும் உள்ளே இருக்கும். அதன்மேல் வேறு ஏதாவது எழுதப்படும்வரை மீட்பதற்கு வழி உண்டு. ஆகவே கோப்பு காணவில்லை என்று தெரிந்த அந்த நொடியே விளையாட்டை நிறுத்திப் பெட்டியை அணைத்துவிட வேண்டும். எங்கள் பிள்ளைகள் பத்து நாள் விளையாடிவிட்டார்கள். படம் இருந்த இடத்தின் மேல் போர்க்களமும் பந்தயச் சாலையும் ஏறிவிட்டன.

மீட்பதிலும் ஒரு சிக்கல். எக்ஸ்பாக்ஸின் வன்தட்டைக் கழற்றிச் சாதாரணக் கணினியில் மாட்டினால் திறக்காது. அந்தத் தட்டு கடவுச்சொல்லால் பூட்டப்பட்டிருக்கும். அந்தக் கடவுச்சொல்லை உருவாக்கத் தேவையான திறவுகோல், பெட்டியின் தாய்ப்பலகையில் உள்ள ஈஈபிராம் என்ற சிறு சில்லில் இருக்கிறது. ஒவ்வொரு பெட்டிக்கும் அது வேறு. தாய்ப்பலகை செத்துவிட்டால், வன்தட்டு நல்ல நிலையில் இருந்தாலும் உள்ளே இருப்பது பூட்டிய பெட்டகத்தில் மாட்டிக்கொண்டதுபோல்தான்.

தாய்ப்பலகை சாவதற்கும் வாய்ப்பு அதிகம். நேரத்தை நினைவில் வைக்க அதில் ஒரு மின்தேக்கி உண்டு. 1.6 என்ற பதிப்புக்கு முந்தைய பெட்டிகளில் அந்த மின்தேக்கி நாளடைவில் கசிந்து, அமிலம்போலப் பலகையின் கம்பித் தடங்களை அரித்துவிடும். பெட்டியை மூடி வைத்திருந்தாலும் கசிவு நிற்காது. பொருள் வைக்கும் அறையில் பத்திரமாக இருப்பதாக நாம் நினைக்கும் பெட்டி, உள்ளுக்குள் மெல்ல அரிபட்டுக்கொண்டிருக்கலாம்.

இப்போது என்ன செய்ய வேண்டும்?

வீட்டில் இப்படிப்பட்ட பெட்டி இருந்தால், வரிசையாகச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, எடுத்தவுடன் விளையாட்டுத் தட்டைப் போடாதீர்கள். பிள்ளைகள் கேட்டாலும் ஒரு நாள் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இரண்டாவது, பெட்டியின் பின்புறம் உள்ள ஈதர்நெட் துளையிலிருந்து கம்பியை எடுத்து உங்கள் வீட்டு இணைய வழிச்செலுத்தியில் மாட்டுங்கள். மோட் செய்த பெட்டியாக இருந்தால் கணினியிலிருந்து எஃப்டிபி வழியாக உள்ளே நுழையலாம். பெரும்பாலான பெட்டிகளில் பயனர் பெயர், கடவுச்சொல் இரண்டுமே 'எக்ஸ்பாக்ஸ்' என்ற சொல்தான்.

மூன்றாவது, முதலில் எக்ஸ், ஒய், இசட் ஆகியவற்றைத் திறந்து பாருங்கள். உங்கள் படமோ பாட்டோ இருந்தால் அதைத்தான் முதலில் கணினிக்கு எடுக்க வேண்டும். 700 மெகாபைட் கோப்பு சில நிமிடங்களில் வந்துவிடும். பிறகு ஈ பிரிவு. அதில் யுடேட்டா, டிடேட்டா என்ற பெயருள்ள கோப்புறைகளை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் பழைய விளையாட்டுப் பதிவுகள் அங்கேதான் இருக்கும்.

நான்காவது, ஈஈபிராம் சில்லில் உள்ளதை ஒரு கோப்பாகச் சேமிக்கும் வசதி மோட் மென்பொருள்களில் உண்டு. அந்தக் கோப்பு மிகச் சிறியது, 256 பைட் மட்டுமே. அதை மின்னஞ்சலில்கூட அனுப்பி வைத்துக்கொள்ளலாம். பெட்டகத்தின் சாவி அது.

ஐந்தாவது, மின்தேக்கி கசிந்திருக்கிறதா என்று தொழில் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். 1.6 பதிப்புக்கு முந்தைய பெட்டிகளில் அதைக் கழற்றிவிட்டாலும் பெட்டி ஓடும்; மின்சாரத்தை எடுத்ததும் நேரம் மட்டும் மறந்துபோகும்.

எடுத்த கோப்புகளைக் கணினியில் மட்டும் வைக்காமல் வேறோர் இடத்திலும் ஒரு பிரதி வையுங்கள். கேஷ் பிரிவை முற்றிலும் பயன்படுத்தவே கூடாதா என்றால், அப்படியும் இல்லை. கணினியில் மூலம் இருக்கும் ஒரு படத்தை இன்றிரவு பார்ப்பதற்காக அங்கே போடலாம். நாளைக்கு அழிந்தாலும் கவலை இல்லாத பொருளுக்கு அது நல்ல இடம்தான்.

அரங்கிலிருந்து வந்த கேள்விகள்

பெரிய வன்தட்டு ஒன்றை மாட்டிவிட்டால் எக்ஸ், ஒய், இசட் மூன்றையும் எடுத்துவிடலாம் அல்லவா என்று இளைஞர் ஒருவர் கேட்டார். எடுக்க முடியாது தம்பி. தற்காலிக இடம் கேட்கும் விளையாட்டுகள் அந்தப் பிரிவுகளை எதிர்பார்க்கும். எவ்வளவு பெரிய தட்டு போட்டாலும் அந்த மூன்றும் அதே இடத்தில், அதே 750 மெகாபைட் அளவில் இருக்க வேண்டும். ஆனால் மிச்ச இடத்தை எஃப், ஜி என்ற புதுப் பிரிவுகளாக ஆக்கிக்கொள்ளலாம். அவை முழுக்க முழுக்க உங்களுடையவை. எந்த விளையாட்டும் அவற்றைத் துடைக்காது. குடும்பப் படம் வைக்க வேண்டுமென்றால் அங்கே வையுங்கள். கோப்பின் பெயர் 42 எழுத்தைத் தாண்டக் கூடாது, ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டை எட்டக் கூடாது என்ற வரம்புகள் மட்டும் உண்டு.

பூட்டை உடைத்த பெட்டியை வீட்டில் வைத்திருப்பது சரியா என்று தாயார் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பாதுகாப்புப் பூட்டைத் திறப்பதைப் பல நாடுகளின் பதிப்புரிமைச் சட்டங்கள் கட்டுப்படுத்துகின்றன. திருட்டுத் தட்டில் விளையாடுவது அடுத்தவர் உழைப்பைக் களவாடுவதே. அதை நான் ஆதரிக்கவில்லை. என் பேச்சு, ஏற்கெனவே வீட்டில் கிடக்கும் பெட்டியில் உங்கள் சொந்தப் படமும் குரலும் இருந்தால், அவற்றை அழியவிடாமல் எடுப்பது பற்றியது மட்டுமே.

"எங்களிடம் கைபேசி மட்டும்தான் இருக்கிறது, எங்களுக்கு இதில் என்ன?" என்று பெரியவர் ஒருவர் கேட்டார். ஐயா, உங்கள் கைபேசியிலும் இதே கேஷ் இருக்கிறது. ஆண்ட்ராய்டு கைபேசியில் இடம் குறைந்தால், செயலிகள் கேஷில் வைத்திருப்பதைக் கைபேசியே அழித்துக்கொள்ளும். அமைப்புகளில் போய்ப் பார்த்தால், கேஷை அழிப்பதற்கு ஒரு பொத்தானும், தரவு முழுவதையும் அழிப்பதற்கு வேறொரு பொத்தானும் தனித்தனியாக இருக்கும். முதலாவதை அழுத்தினால் பிரதி போகும். இரண்டாவதை அழுத்தினால் அந்தச் செயலி கைபேசியில் சேர்த்து வைத்ததெல்லாம் போகும். வித்தியாசம் தெரிந்து அழுத்துங்கள்.

இன்னொரு செய்தியும் சொல்கிறேன். அதே மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இன்று அஷூர் என்ற பெயரில் கணினிகளை வாடகைக்கு விடுகிறது. விண்டோஸ் ஓடும் அந்தக் கணினிகள் பலவற்றில் தற்காலிக வட்டு ஒன்று இருக்கும். அதைத் திறந்தால் உள்ளே ஒரு கோப்பு காத்திருக்கும். இங்கே வைப்பது அழியக்கூடும், அழியக் கூடாத எதையும் இங்கே வைக்காதீர்கள் என்ற எச்சரிக்கை அது. எக்ஸ்பாக்ஸில் அப்படி ஒரு பலகை மாட்டத் தேவையில்லை என்று 2001இல் நினைத்தார்கள். பூட்டு திறக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. எச்சரிக்கை மாட்டாத இடங்களில் நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்: இங்கே வைத்ததை என்னைக் கேட்காமல் அழிக்கும் உரிமை வேறு யாருக்காவது இருக்கிறதா?

அக்காவின் படம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஈப்போவில் இருக்கும் அத்தானின் பெரியம்மா வீட்டில் நாடாவின் பிரதி ஒன்று இருந்தது. ஆள் அனுப்பி வாங்கிவந்தோம். பூஞ்சணம் பிடித்திருந்தாலும் தாலி கட்டும் காட்சி கோடுகளுக்கு நடுவே தெரிந்தது. உடனே மாற்றி, இந்த முறை நான்கு வீடுகளில் நான்கு பிரதி வைத்தோம்.

மாப்பிள்ளை அழைப்பு மட்டும் கிடைக்கவில்லை. அந்த நாடாவின் முதல் அரை மணி நேரத்தின் மேல், எப்போதோ, யாரோ ஒரு காற்பந்து ஆட்டத்தைப் பதிவு செய்திருந்தார்கள். அவர்களுக்கும் அது காலி நாடாவாகத்தான் தெரிந்திருக்கும்.